யாரும் ஓடிவரக் கூடாது

கதவைச் சாத்தியாயிற்று. ஜன்னல்களைச் சாத்தியாயிற்று. பெஞ்சு உள்ள வகுப்பில் பிள்ளைகள் பெஞ்சுக்கு அடியிலும், பெஞ்சு இல்லாத ஒன்றாம் வகுப்பில் தரையிலே குப்புறவும் படுத்தாயிற்று. இனி ஆபத்து நீங்கியது என்று சொல்லும்வரை பள்ளிக்கூடத்துக்குள் ஈ காக்கை நுழையக்கூடாது. அதிலும் முக்கியமாகப் பெற்றவர்கள் நுழையக்கூடாது. சர்க்கார் உத்தரவு அப்படித்தான் சொல்லியது.

அந்த நேரம் பார்த்து ஒரு ஜன்னல் படாரென்று திறந்துகொண்டது. வெளியே நின்ற எதிர்வீட்டு வள்ளியம்மாள் இடுப்பிலிருந்த குடத்தைத் தூக்கித் தண்ணீரை ஒரே வீச்சாக உள்ளே வீசினாள். அதில் பாதி மூன்றாம் வகுப்புக்கும் பாதி அரங்கநாதன் வாத்தியாருக்கும் போய்ச் சேர்ந்தது.

"எங்க சார் நெருப்பு?"

"இன்னா நெருப்பு? ஒரு நெருப்பும் இல்லம்மா!"

"அப்ப இன்னாத்துக்கு மணிய வுடாம அடிச்சீங்க?"

வாத்தியார் கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தார். குளத்தங்கரையிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் பனஞ்சாலை ஊரே வரிசை கட்டி நின்றது. குடம், தவலை, பக்கெட் எல்லாம் கைமாறி வந்துகொண்டிருந்தன. நெருப்பு இல்லை என்ற செய்தி வரிசையின் கடைசிக்குப் போய்ச் சேர்வதற்குள் இன்னும் ஏழெட்டுக் குடம் உள்ளே வந்துவிட்டது.

விஷயம் இதுதான். எழுபத்தோராம் வருஷம், டிசம்பர் மாசம். வடக்கே சண்டை. விமானம் வந்தால் பள்ளிக்கூடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று உத்தரவு வந்திருந்தது. மணியை விடாமல் அடிக்க வேண்டும், கதவைச் சாத்த வேண்டும், பிள்ளைகள் படுக்க வேண்டும், பெற்றவர்கள் பிள்ளையைக் கூட்டிப்போக ஓடிவரக் கூடாது. இதைப் பெற்றவர்களுக்குத் தலைமையாசிரியர் விளக்கமாகச் சொல்லிப் புரியவைக்க வேண்டும். புரிந்ததா என்று பார்க்க வரும் புதன்கிழமை கல்வி அதிகாரியே நேரில் வருவார். அதற்கான முதல் ஒத்திகைதான் இது.

தலைமையாசிரியரான அரங்கநாதன் வாத்தியாரும் முந்தின நாளே கூட்டம் போட்டு, தொண்டை வறளச் சொன்னார். எல்லோரும் தலையாட்டினார்கள். உதுமான் பாய் ஒருவர்தான் கேள்வி கேட்டார். ஊரில் அவர் வைத்திருந்ததுதான் ஒரே மளிகைக் கடை. மகள் கைருன்னிசா மூன்றாம் வகுப்பு.

"ஏன் சார், நம்மூருக்கு பஸ்ஸே ஒழுங்கா வர்றதில்ல. அம்மாந் தூரத்துலேருந்து ப்ளேனா வரப் போவுது?"

"வந்தா இன்னா பண்றதுன்றதுதான் பாய் கேள்வி."

"வந்தா சரி" என்று பாய் உட்கார்ந்துவிட்டார்.

ஆனால் பள்ளிக்கூட மரத்தில் தொங்கும் அந்தத் தண்டவாளத் துண்டை விடாமல் அடித்தால் அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். எங்கேயோ வைக்கோல் போர் பற்றிக்கொண்டது, குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடு. பிரெஞ்சுக்காரன் காலத்திலிருந்து அப்படித்தான். கூட்டத்தில் என்ன சொன்னாலும், மணிச் சத்தம் காதில் விழுந்ததும் கால் தானாகக் குளத்துக்குத்தான் போகும். வாத்தியார் கரிக்கலாம்பாக்கத்துக்காரர். அவருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

ஒத்திகை கெட்டதற்கெல்லாம் ஒரு மனுஷன் இவ்வளவு கலங்குவானா என்று கேட்கலாம். கலங்கினார். காரணம் ஏனாம்.

புதுச்சேரி சர்க்காரில் சம்பளம் வாங்குகிறவனுக்கு வயிற்றைக் கலக்குகிற சொல் அது. ஊர் நல்ல ஊர்தான். ஆனால் இருக்கிற இடம் ஆந்திரத்துக்கு உள்ளே, கோதாவரிக் கரையில். மெட்ராஸ் போய், ரயிலேறி, இறங்கி, மறுபடி பஸ் ஏறிப் போக வேண்டும். போனாலும் பேச்சு முழுக்கத் தெலுங்கு. இவருக்கு முன்னால் இங்கே இருந்த செல்லப்பன் வாத்தியார் ஒரே ஒரு தரம், அதிகாரி வந்தபோது வீட்டில் தூங்கிவிட்டார். இப்போது ஏனாமில் விழித்துக்கொண்டிருக்கிறார்.

அரங்கநாதன் ஏனாமுக்குப் போனால் அமுதம் கிடைக்கமாட்டாள். அவ்வளவுதான் கணக்கு. பாகூரில் கரும்பு போட்டிருக்கும் சுப்பராயலுவின் ஒரே பெண். நிச்சயதார்த்தத்தன்று தட்டை மாற்றும்போதே சுப்பராயலு சபையில் சொல்லிவிட்டார்.

"மாப்ள பக்கத்தூர் வாத்தியாருன்றதாலதான் சம்மதிச்சேன். சைக்கிள்ல போயி பொண்ண பாத்துட்டு வந்துடலாம். வெளியூருன்னா இந்தப் பேச்சே கெடையாது."

பெண் பார்க்கப் போனபோது அமுதம் காப்பியை வைத்துவிட்டு ஒரே ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். வாத்தியார் விழுந்துவிட்டார். முப்பத்திரண்டு வயசில் விழுகிறவன் சுலபத்தில் எழுந்திருக்கமாட்டான். அன்றிலிருந்து கரும்பலகையில் 'அ' எழுதும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்பு வந்தது. தை மாசம் கல்யாணம்.

ஆகவே மணி வேண்டாம் என்று முடிவு செய்தார். சத்தம் இருந்தால்தானே ஓடி வருவார்கள்? சத்தமே இல்லாத அடையாளமாக ஒன்று வேண்டும். ஆபத்து என்றால் சிவப்பு. பள்ளிக்கூடத்தில் சமைக்கும் தையலம்மாளிடம் ஒரு பழைய சிவப்புப் புடவை இருந்தது. அதைக் கிழித்துக் கம்பில் கட்டி, வெள்ளிக்கிழமை காலையில் ஓட்டின் உச்சியில் ஏற்றினார். பெற்றவர்களுக்கும் வீடு வீடாகப் போய்ச் சொன்னார். "செவப்புத் துணி பறந்தா கம்முனு வூட்டோட இருங்க. ஓடி வராதீங்க."

வீட்டில் இருந்த பெண்கள் வரவில்லை. அது உண்மை. ஆனால் விடியற்காலையிலேயே வேலைக்குப் போய்விட்ட ஆண்களுக்கு இதை யார் சொல்வது? பாகூர்ப் பக்கம் கரும்பு வெட்டிக்கொண்டிருந்த ஆட்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். சொந்த ஊர்ப் பள்ளிக்கூடத்து உச்சியில் செங்கொடி பறக்கிறது. சங்கம் வேலை நிறுத்தம் அறிவித்துவிட்டது என்று கத்தியைக் கரும்பில் கொத்திவிட்டு, கோஷம் போட்டுக்கொண்டே பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

"வாத்தியார் நம்ம பக்கம்டா!" என்று ஒருவன் அவரைத் தோளில் தூக்கினான்.

"இறக்குடா! இது அந்தக் கொடி இல்லடா!"

"பயப்படாதீங்க சார். நாங்க இருக்கோம்."

வெட்டாமல் நின்றது யார் கரும்பு என்று சொல்ல வேண்டியதில்லை. சுப்பராயலு சைக்கிளில் வந்து இறங்கியபோது மாப்பிள்ளை தொழிலாளர் தோளில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா இருக்குது மாப்ள. ஆலைக்கு வண்டி நிக்குது. என் கரும்பு கட்டையிலயே காயுது. நீங்க இங்க கொடி ஏத்திகினு இருக்கீங்க."

"மாமா, இது ப்ளேனுக்காக..."

"ப்ளேனுக்கும் சங்கம் வெச்சிட்டீங்களா?"

ஆட்களைத் திரும்பக் கரும்புக்கு அனுப்புவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. சாண் ஏறினால் முழம் சறுக்குகிற பிழைப்பாகிவிட்டதே என்று வாத்தியார் உதுமான் பாய் கடையில் போய் உட்கார்ந்தார். பாய் ஒரு வெல்லக் கட்டியை உடைத்துக் கையில் கொடுத்தார்.

"சார், நீங்க புதுசு புதுசா கண்டுபுடிக்கிறதாலதான் இவ்ளோ வம்பு. நம்ம ஜனம் ஒரு வூட்டுக்குள்ள போகக்கூடாதுன்னா எப்படி தெரிஞ்சிக்குது?"

"எப்படி?"

"வாசல்ல வேப்பிலை செருவியிருந்தா தெரிஞ்சிக்குது. அம்மை போட்டிருக்குன்னு அர்த்தம். அந்த வூட்டு வாசப்படிய யாரும் மிதிக்கமாட்டாங்க. நானே சாமான் குடுக்கணும்னா தெருவுல நின்னு கூப்புட்டு வெச்சிட்டு வந்துடுவேன். யாராச்சும் போதிச்சா தெரிஞ்சிக்கிட்டோம்?"

வாத்தியார் வெல்லத்தை வாயில் போட மறந்துவிட்டார். இவ்வளவு சுலபமான வழி கண்ணெதிரே மரமாக நின்றுகொண்டிருந்திருக்கிறது!

திங்கட்கிழமை காலையில் பள்ளிக்கூட வாசலில் இரண்டு பக்கமும் கொத்துக் கொத்தாக வேப்பிலை கட்டினார். கதவைச் சாத்தினார். பிள்ளைகளைப் படுக்கப் போட்டார். காத்திருந்தார். ஒரு குஞ்சு குளுவான் வரவில்லை. தெருவில் போனவர்கள்கூட எதிர்ப்பக்கமாக ஒதுங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள். வாத்தியாருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. தையலம்மாளைக் கூப்பிட்டு, இன்றைக்கு உப்புமாவில் கொஞ்சம் முந்திரி போடு என்றார். முந்திரி எங்கே இருக்கிறது என்று அவள் கேட்டாள்.

மத்தியானம் பம்பைச் சத்தம் கேட்டது.

வாசலுக்கு வெளியே, ரோட்டின் அந்தப் பக்கத்தில், ஊர்ப் பெண்கள் மஞ்சள் தண்ணீரும் கூழ்ப் பானையுமாக நின்றார்கள். யாரும் உள்ளே வரவில்லை. வரக்கூடாது என்பது அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. "ஆத்தா, எங்க புள்ளைங்கள வுட்டுடு" என்று வெளியே நின்றே அழுதார்கள். வள்ளியம்மாளுக்கு அருள் வந்துவிட்டது.

அதையும் சமாளித்திருக்கலாம். ஆனால் அம்மை என்றால் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசில் சும்மா இருப்பார்களா? ஒரு ஜீப் வந்து நின்றது. அம்மை குத்துகிறவர்கள் பெட்டியோடு இறங்கினார்கள். ஜன்னல் இடுக்கில் பார்த்த ஒரு பையன், "ஊசிடா!" என்று ஒரு குரல் கொடுத்தான். அவ்வளவுதான். குண்டே விழுந்தாலும் திறக்கக்கூடாது என்று சொல்லிவைத்த கதவு திறந்துகொண்டது. பிள்ளைகள் சுவரேறிக் குதித்துக் கரும்புக் கொல்லைக்குள் போய்விட்டார்கள். அவர்களைப் பொறுக்கியெடுக்க இருட்டும்வரை ஆயிற்று.

"அம்மையே இல்லையா?" ஜீப்பில் வந்த மேற்பார்வையாளர் கேட்டார். "சர்க்கார் பள்ளிக்கூடத்துல பொய்யா வேப்பிலை கட்டினது யாரு?"

"நான்தான் சார். பாதுகாப்புக்கு..."

"மேல எழுதறேன்" என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறினார்.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சுப்பராயலு நின்றிருந்தார். வேப்பிலைக்குப் பயந்து கிட்டே வரவில்லை. அங்கிருந்தே கத்தினார்.

"மாப்ள! ஆத்தா வெளையாடற எடத்துல இருந்துகினு கல்யாணப் பேச்சு பேசக்கூடாதுன்னு வூட்ல சொல்லச் சொன்னா!"

"அம்மை இல்ல மாமா! சும்மா கட்டினேன்!"

"சும்மா கட்டினீங்களா? ஆத்தாகிட்டயா?" அவர் முகம் வெளுத்துவிட்டது. "அதுக்கு அம்மையே பரவாயில்ல மாப்ள!"

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வாத்தியார் கடைசியாக ஒரு கூட்டம் போட்டார். மறுநாள் அதிகாரி வருகிறார். மணியைத்தான் அடிக்கப் போகிறார். உத்தரவில் இருப்பது மணிதான். வாத்தியாருக்குச் சொல்வதற்கு ஒன்றும் பாக்கி இல்லை. நின்றார்.

"நாளைக்கு மணி அடிக்கும். நெருப்பு இல்ல. ஓடி வராதீங்க."

"சரிங்க சார்" என்று எல்லோரும் வழக்கம்போலத் தலையாட்டினார்கள்.

அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் மனுஷன் உடைந்துவிட்டார்.

"தலையாட்டாதீங்க! ஒவ்வொரு வாட்டியும் தலையாட்டிட்டு கொடத்தோட வந்து நிக்கறீங்க. நாளைக்கு ஒரே ஒரு ஆள் ஓடி வந்தாலும் என்னைத் தூக்கி ஏனாமுக்குப் போட்டுடுவாங்க. ஏனாமுக்குப் போனா பொண்ணு குடுக்கமாட்டேன்னு சொல்லிட்டாரு. ஏழு எடத்துல பாத்து தட்டிப்போயி, எனக்கு முப்பத்திரண்டு வயசுல அமுதம் கெடச்சிருக்குது. எனக்கு அந்தப் பொண்ண புடிச்சிருக்குது. ரொம்பப் புடிச்சிருக்குது. அவ்ளோதான். இனிமே உங்க இஷ்டம்."

வள்ளியம்மாள் எழுந்தாள். எழுந்த வேகத்தைப் பார்த்து வாத்தியார் ஒரு அடி பின்னால் போனார்.

"ஏன் சார், உங்களுக்கு எதாவது இருக்குதா? ப்ளேனு, குண்டு, உத்தரவுன்னு வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னீங்களே, இத மொதல்லயே சொல்லக்கூடாதா?"

"இல்ல, இது என் சொந்த விஷயம்..."

"அய்ய, கல்யாணம் இன்னா சொந்த விஷயம்? ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்த முடின்னு சொல்லுவாங்க. நாங்க வாயே தொறக்காம முடிச்சித் தர்றோம். நீங்க போயி நல்லாத் தூங்குங்க."

புதன்கிழமை அதிகாரி வந்தார். குட்டையான மனிதர், சிரிப்பே இல்லை. அவரே போய்த் தண்டவாளத் துண்டை எடுத்து அடித்தார். விடாமல் அடித்தார். கதவுகள் மூடின. பிள்ளைகள் படுத்தார்கள்.

பனஞ்சாலை மூச்சுக் காட்டவில்லை. குளத்தங்கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைப் போட்டது போட்டபடி வீட்டுக்குள் போய்விட்டார்கள். உதுமான் பாய் எடைபோட்டுக்கொண்டிருந்த துவரம்பருப்போடு கடைப் பலகையைச் சாத்திக்கொண்டார். வாடிக்கைக்காரரும் உள்ளேயே மாட்டிக்கொண்டார். ஒருவரும் கரும்பு வெட்டக்கூடப் போகவில்லை என்பதைச் சுப்பராயலு அப்புறம்தான் கண்டுபிடித்தார்.

அதிகாரி கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அவருக்குத் திருப்தி வரவில்லை.

"இது முன்கூட்டியே சொல்லிவெச்சதா இருக்கலாம். பிள்ளைங்கள எல்லாரையும் சேர்ந்து ஒரு தடவை கத்தச் சொல்லுங்க."

வாத்தியார் குறுக்கே வந்தார். "சார், கத்தறதுன்னா..."

"'அம்மா'ன்னு கத்தச் சொல்லுங்க."

அந்தப் பிள்ளைகளுக்குக் கத்தச் சொல்லித்தரவா வேண்டும்? பெஞ்சுக்கு அடியிலிருந்து நூறு தொண்டைகள் ஒரே நேரத்தில் "அம்மா!" என்று அலறின. மரத்திலிருந்த காக்கைகள் எல்லாம் எழுந்து பறந்தன. வாத்தியார் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். போயிற்று, அமுதம் போயிற்று. இனி கோதாவரிதான்.

கண்ணைத் திறந்தார். தெரு காலியாகவே இருந்தது. எதிர்வீட்டு வள்ளியம்மாளின் கதவு மட்டும் உள்பக்கமாக யாரோ பிடித்து உலுக்குகிற மாதிரி ஆடியது. ஆனால் திறக்கவில்லை.

அதிகாரி ரோட்டைக் கடந்துபோய் அந்தக் கதவைத் தட்டினார். ஒரு விரல் அகலம் திறந்தது.

"உங்க பிள்ளையும் உள்ள இருக்குதாம்மா?"

"ரெண்டு இருக்குது."

"கத்தினது கேக்கலியா?"

"கேட்டுச்சு." வள்ளியம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"அப்புறம் ஏன் ஓடி வரல?"

"எங்க வாத்தியாரு வரக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு சார்."

"சொன்னா கேட்டுடுவீங்களா? நான் எத்தனையோ ஊர் பாத்துட்டேன். எங்கயும் யாரும் கேக்கல."

வள்ளியம்மாள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்ற வாத்தியாரைப் பார்த்தாள். செய்வதைத் திருந்தச் செய்துவிட வேண்டும் என்று நினைத்திருப்பாள் போலிருக்கிறது.

"அவங்கல்லாம் சொல்லத் தெரியாதவங்களா இருக்கும். எங்க வாத்தியாரு சொன்னாருன்னா கல்லுக்கும் வெளங்கும் சார். மனசுல தைக்கறாப்ல சொல்லுவாரு. அவரு மாதிரி பெத்தவங்களுக்கு எடுத்துச் சொல்ல இந்த ராஜ்ஜியத்துலயே ஆள் கெடையாது."

அக்கம்பக்கத்துக் கதவுகளும் ஒரு விரல் அகலம் திறந்தன. "ஆமா சார்", "நெசந்தான் சார்", "தங்கமானவரு சார்" என்று ஒவ்வொரு இடுக்கிலிருந்தும் ஒரு குரல் வந்தது. உதுமான் பாய் பலகைக்குப் பின்னாலிருந்து, "படிப்பறிவு இல்லாதவங்களுக்குக்கூட புரியும் சார்!" என்று கடைசியாக ஒன்று போட்டார்.

அதிகாரி திரும்பி வந்தார். முதன்முதலாகச் சிரித்தார்.

"வேப்பிலை விஷயம்கூட எனக்கு எழுதி வந்தது, மிஸ்டர் அரங்கநாதன்."

வாத்தியார் கையைப் பிசைந்தார். "சார், அது வந்து..."

"முதல்ல கோவந்தான் வந்தது. இப்ப பாத்தா, ஒரு வழி சரிப்படலேன்னா இன்னொரு வழின்னு விடாம முயற்சி பண்ணியிருக்கீங்க. பிரமாதம்." கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, முகம் கழுவத் தண்ணீர் கேட்டுக்கொண்டு உள்ளே போனார்.

ஊரே வெளியே வந்துவிட்டது. பிள்ளைகள் தாய்களின் இடுப்பில் ஏறிக்கொண்டார்கள். என்ன ஆயிற்று என்று பார்க்க வந்த சுப்பராயலு, அதிகாரி மாப்பிள்ளையின் கையைக் குலுக்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டார். சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டுக் கிட்டே வந்தார்.

"தை பத்துல நல்ல முகூர்த்தம் இருக்குது மாப்ள. அன்னிக்கே வெச்சிக்கலாம். அமுதத்துகிட்ட இன்னா சொல்லட்டும்?"

"பயப்படாம இருக்கச் சொல்லுங்க மாமா" என்றார் வாத்தியார். அவருக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வள்ளியம்மாளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவள், "எனக்கு ஜாக்கெட்டு துணி எடுக்கணும் சார், மறந்துடாதீங்க" என்றாள்.

ஜீப்புக்குப் பக்கத்தில் டிரைவர் இன்னாசிமுத்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வாத்தியாரைப் பார்த்ததும் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு சிநேகமாகச் சிரித்தான்.

"நாங்க சுத்தாத ஊரில்ல சார். பெத்தவங்களுக்குப் பக்குவமா எடுத்துச் சொல்றாப்ல ஒரு ஆள் வேணும்னு ஐயா தேடாத எடமில்ல. இன்னிக்குத்தான் அவரு மொகத்துல சிரிப்பே பாக்கறேன். ஆமா, சாருக்குத் தெலுங்கு வருமா?"